தாம்பூலப் பையும் தூக்குச்சட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலைப் பற்றி இன்றைய மாணவர்கள் கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைப்பதோடு சரி, கையில் ஒரு துணிப்பை எடுத்துச் செல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு மூத்த வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. நான் வேலூரில் வேதியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. என் தந்தை சத்துவாச்சாரியில் ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடந்த பத்து மாதங்களாக எங்கள் வீட்டிலும் கடையிலும் குப்பையைக் குறைக்க நான் செய்து பார்த்தவற்றில் எவை நிலைத்தன, எவை கவிழ்ந்தன என்பதைச் சொன்னால், அவர் எழுதாமல் விட்ட மறுபாதியும் வாசகர்களுக்குத் தெரியவரும் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு தேர்வு. எந்தப் பாடத்தை எடுத்துப் படித்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்ற தாளையும் எழுதியே ஆக வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவின் வழியாக நம் கல்லூரிகளுக்கு வந்த ஏற்பாடு. அந்தப் பாடப்புத்தகத்தில் எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மனப்பாடம் செய்து, ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டு, வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன். பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பாட்டில் காலியாகிவிட்டது. அதை இருக்கைக்கு அடியில் காலால் தள்ளி வைத்துவிட்டு இறங்கிப் போனேன். இரவு படுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சற்று முன்பு எழுதிய விடைக்கும் அந்தப் பாட்டிலுக்கும் எனக்குள் எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

அந்தத் தேர்வு விடுமுறையில், எங்கள் வீட்டிலிருந்து உண்மையில் என்னதான் வெளியே போகிறது என்று பார்க்க முடிவு செய்தேன். கடைத் தராசு கைவசம் இருந்ததால் வேலை எளிதாயிற்று. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டின் ஒரு வாரக் குப்பை 7 கிலோ 200 கிராம். அதில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காய்கறித் தோல், முருங்கைக் காம்பு, தேங்காய் நார், மீந்த சோறு ஆகியவையே. பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்துத் தராசில் வைத்தபோது முந்நூறு கிராம்கூட இல்லை. "இதுக்காம்மா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று அப்பா சிரித்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன்: பால் கவர் 14, சட்னி, சாம்பார், சேர்வா வாங்கி வந்த மெல்லிய கவர்கள் 23, பிஸ்கட், சிப்ஸ் உறைகள் 19, ஷாம்பு பாக்கெட் 9, தண்ணீர் பாட்டில் 4, மாவு பாக்கெட் 3, மாத்திரை அட்டை 2, இன்னதென்று சொல்ல முடியாத துண்டுகள் 7. மொத்தம் 81. எடையில் ஒன்றுமில்லாதது எண்ணிக்கையில் ஒரு செய்தித்தாளையே மூடிவிட்டது. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். குப்பையைப் பற்றிப் பேசும்போது டன் கணக்கில் பேசுகிறோம். சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் எடை அல்ல, எண்ணிக்கை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வகுப்புத் தோழிகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் உடனே இணையத்தில் தேடித் தந்தவை மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், சணல் கைப்பை முதலிய விற்பனைப் பொருள்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டு 81 உருப்படிகளில் உறிஞ்சுகுழல் ஒன்றுகூட இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? பசுமையாக வாழ்வதற்கென்று ஒரு புதிய பொருளை வாங்குவதற்கு முன், வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. எங்கள் பரணில் ஒடுகத்தூர் ஆயா கொடுத்த மூன்று தூக்குச்சட்டிகளும், அம்மா மடித்து அடுக்கி வைத்திருந்த 34 தாம்பூலப் பைகளும் கிடந்தன.

முதலில் தூக்குச்சட்டியின் கதை. எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தவை அந்த 23 மெல்லிய கவர்கள் என்பதால், தெருமுனைப் பரோட்டாக் கடைக்கு இரவு ஏழரை மணிக்குத் தூக்குச்சட்டியுடன் போனேன். மாஸ்டர் அண்ணன் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்துத் தட்டில் குவிந்திருந்த, ஏற்கெனவே கட்டி வைத்த சேர்வாக் கவர்களில் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து, சேர்வாவை என் சட்டிக்குள் ஊற்றிவிட்டுக் காலிக் கவரைக் கீழே இருந்த கூடையில் போட்டார். "இன்னா பாப்பா, தூக்குலயே குட்த்துட்டேன், சந்தோஷமா?" என்றார். சட்டியும் நிறைந்தது, கவரும் வீணாயிற்று. மறுநாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. மாலை ஆறரை மணிக்கே ஒருவர் உட்கார்ந்து நூறு நூற்றைம்பது கவர்களை ஒரே அளவில் ஊற்றிக் கட்டிவிடுகிறார். ஏழு மணிக்கு மேல் கூட்டம் அலைமோதும்போது கரண்டியால் அளந்து ஊற்ற ஆள் கிடையாது. மேலும் பாத்திரத்துடன் வருபவர்கள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பார்கள். அவர் சொன்னது மூன்றும் நியாயமான காரணங்கள். இப்போது நான் ஆறு மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் என் தம்பியிடம் சட்டியைக் கொடுத்தனுப்பிவிடுகிறேன். அவர்கள் கவர் கட்டும் அதே நேரத்தில் அதே கரண்டியால் எங்கள் சட்டியிலும் ஊற்றி மூடி வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்து எங்கள் தெருவிலிருந்து மேலும் இரண்டு சட்டிகள் அந்தத் தட்டுக்கு வந்திருக்கின்றன. கொதிக்கும் சேர்வாவைப் பிளாஸ்டிக்கில் ஊற்றக் கூடாது என்பதை வேதியியல் மாணவி என்ற முறையில் நான் விளக்கிய நாள்களில் எதுவும் மாறவில்லை. நேரத்தை மாற்றியபோதுதான் மாறியது.

தாம்பூலப் பைகளின் கதை இன்னும் சிக்கலானது, ஏனெனில் அது அப்பாவின் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பது கடைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் எவையெவை உள்ளன என்பது பலருக்கும் தெரியாது. துணி போலவே தோன்றும் நான்-ஓவன் பை உண்மையில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. தேநீர்க் கடைகளில் பேப்பர் கப் என்று நம்பி வாங்குகிறோமே, அதன் உட்புறம் பூசப்பட்டிருப்பது பிளாஸ்டிக். அதுவும் பட்டியலில் இருக்கிறது. தடைக்குப் பிறகு அப்பா நல்லெண்ணத்தோடு மொத்தக் கடையில் வாங்கி வைத்தது நான்-ஓவன் பைதான். நான் பாடப்புத்தகத்தைக் காட்டிப் பேசியபோது அவர் கோபப்படவில்லை, "வெறுங்கையோட வர்றவங்கள அரிசிய மடியில கட்டிக்கினு போங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் பரணில் இருந்தது. வேலூர்ப் பகுதியில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எதற்குப் போனாலும் தேங்காயும் வெற்றிலையும் போட்டு ஒரு மஞ்சள் துணிப்பை கையில் வந்துவிடும். மணமக்கள் பெயர் அச்சிட்ட அந்தப் பையைத் தூக்கியெறிய மனம் வராமல் ஒவ்வொரு வீட்டிலும் மடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் 34 பைகளோடு, பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய பைகளையும் துவைத்துக் கடை வாசலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, "எடுத்துச் செல்லுங்கள், திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். முதல் மாதம் நாற்பது பைகள் போய், பதினொன்றுதான் திரும்பின. அம்மா, "இது பை தானம்" என்றார். பிறகு அப்பாவே ஒரு வழி சொன்னார். பைக்கு ஐந்து ரூபாய் கணக்கில் எழுதிக்கொள்வது, திரும்பி வந்தால் அடித்துவிடுவது. மாதக் கணக்கு நோட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் மட்டுமே இது நடக்கும். ஆனால் எங்கள் கடை வாடிக்கையில் பெரும்பாலோர் அவர்கள்தாம். இப்போது நாற்பதில் முப்பதுக்குக் குறையாமல் திரும்புகின்றன. "இன்னார் கல்யாணப் பை இங்க எப்படி வந்துச்சு?" என்று கடை வாசலில் உறவு விசாரிப்பதும் நடக்கிறது.

2021 டிசம்பரில் அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் புதிது புதிதாக மஞ்சள் பை அடித்து விநியோகிப்பதைப் பற்றி ஒரு தயக்கமும் உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை ஏறத்தாழ 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்கு அதன் பங்கு குறைவாகும். பருத்தி விளைய நீரும் உரமும், நெய்யவும் சாயமிடவும் மின்சாரமும் நீரும் செலவாகின்றன. கணக்கில் புவி வெப்பம் மட்டும்தான் இருக்கிறது, ஏரியில் மிதக்கும் கவர் அதில் வரவில்லை என்பது உண்மைதான். என்றாலும் பரணில் மடிந்து கிடக்கும் துணிப்பையால் யாருக்கும் பயனில்லை.

மக்கும் குப்பையில் எனக்குக் கிடைத்தது முதலில் அவமானம். மொட்டை மாடியில் ஒரு பழைய மண்பானையின் பக்கவாட்டில் துளையிட்டு, காய்கறிக் கழிவைக் கொட்டி மூடி வைத்தேன். பத்தே நாளில் நாற்றம் பக்கத்து வீட்டு மாடிவரை போய், புழு நெளிந்து, துணி காயப்போட வந்த அத்தை என் அம்மாவிடம் முறையிடும் நிலை வந்தது. தவறு என்னுடையது. ஈரக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. அதற்கு ஈடாகக் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ கார்பனுக்காகச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் காற்றுப் புகாமல் அழுகிவிடும். இதைத் தேர்வில் எழுதியவள்தான் நான். ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை வேப்பஞ்சருகு, மேலே சிறிது புளித்த மோர் என்று மாற்றியபின் நாற்றம் நின்றது. அடுத்து ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு தொல்லை: நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பானை முழுவதும் வறண்டு, மக்குவதே நின்றுபோனது. பானையைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தி, ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். இரண்டரை மாதத்தில் கையில் பிடித்தால் உதிரும் கரிய உரம் கிடைத்தது. முறையிட்ட அத்தைதான் அதை முதலில் கேட்டு வாங்கிச் சென்றார், இலவம்பாடி முள்ளுக் கத்தரிச் செடிக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் கவரின் மூலையை முழுதாக வெட்டியெடுக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டினால், அந்தச் சிறு முக்கோணத் துண்டு தனியே தொலையாது. அந்த வாரம் எண்ணியபோது இன்னதென்று தெரியாமல் கிடந்த துண்டுகளில் ஐந்து, பால் கவர் மூலைகளே. கழுவிக் காயவைத்த கவர்களைக் காயலாங்கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். கூடத்து மின்விசிறியின் காயில் எரிந்தபோது, 75 வாட் இழுக்கும் பழையதற்குப் பதிலாக 30 வாட் மட்டுமே இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறியை வாங்கினோம். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் அந்த ஒரு விசிறியால் இரு மாதக் கணக்கில் ஏறக்குறைய நாற்பது யூனிட் குறைகிறது. நன்றாக ஓடும் மற்ற இரண்டையும் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது என்பது என் கருத்து. கல்லூரிக்குப் போக வர 18 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போனால் நாளுக்கு 400 மில்லி பெட்ரோல், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு. அப்பா வாங்கித் தரத் தயாராக இருந்தும் நகரப் பேருந்திலேயே போகிறேன். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் இதில் தியாகம் எதுவும் இல்லை. ஆய்வகம் முடிய மாலை ஆறாகும் நாள்களில் மட்டும், இருட்டில் பேருந்துக்கு நிற்க அம்மா சம்மதிப்பதில்லை. அன்று அப்பா வண்டியில் வந்து அழைத்துப் போகிறார். மாதவிடாய்க்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பட்டைக்கு வீட்டில் இருக்கும் நாள்களில் மாறியிருக்கிறேன். கல்லூரிக் கழிப்பறையில் போதிய தண்ணீர் இல்லாததால் அங்கே முடியவில்லை. இதை நாளிதழில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் குப்பைக் கணக்கு பொய்க் கணக்காகிவிடும்.

நான் தூக்குச்சட்டி எடுத்துச் செல்வதால் பாலாறு தெளிந்துவிடும் என்று நினைக்கும் அளவுக்கு நான் பேதையல்ல. 1996 தீர்ப்புக்குப் பிறகும் ஆற்றின் நிலை திருந்தாததால்தான் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே பாலாற்றுக்காக விரிவான உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. "தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்று எங்கள் ஊரைப் பழமொழி போலச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவற்றுள் ஒன்று மட்டும் பழங்கதையாகிவிட்டது: 1981இல் ஜலகண்டேஸ்வரரை மக்கள் மீண்டும் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றையும் மலையையும் பொறுத்தவரை கேலி இன்னும் செல்லும். அவை வீட்டுச் சட்டியால் தீர்வன அல்ல.

ஆனால் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒருவர் கொஞ்சம் ஏற்பாடு செய்தால் நூறு பேரின் பழக்கம் மாறிவிடும் இடங்கள் இருக்கின்றன. நான் நாள்தோறும் மாறி ஏறும் பேருந்து நிலையத்தில் குடிநீர்க் குழாய் என்று எழுதிய மேடை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருவதில்லை. எங்கள் வகுப்பில் அறுபது பேர். அவர்களில் நாற்பத்து மூன்று பேர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். கோடைக்காலத்தில் அது பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. பிறகு கடையில் வாங்குகிறார்கள். இதை நான் ஒரு வாரம் கைதூக்கச் சொல்லி எண்ணினேன். மாணவர்கள் துணிப்பைக்குக் கூச்சப்படுகிறார்கள் என்று எழுதிய பெரியவருக்கு நான் தெரிவிக்க விரும்புவது இதுதான்: பாட்டிலை நிரப்பிக்கொள்ள ஒரு குழாய் ஒழுங்காக வந்தால், எங்கள் வகுப்பில் கூச்சப்பட யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். அதே போல, நாங்கள் வீட்டில் பிரித்துக் கொடுக்கும் மக்கும் குப்பையும் மக்காக் குப்பையும் சில நாள்களில் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. தள்ளிக்கொண்டு வரும் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருப்பது ஒரே தொட்டி. தரம் பிரித்துக் கொடுப்பதைக் கடமையாக்கிய 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே, தரம் பிரித்தபடியே எடுத்துச் செல்வதையும் உள்ளாட்சியின் கடமையாக்கின.

எங்கள் சொந்தக் கடையில் என்னால் தீர்க்க முடியாத ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பிளாஸ்டிக்கையும் அலுமினியப் பூச்சையும் ஒட்டிச் செய்த அந்த உறையைக் காயலாங்கடையில் தொடக்கூட மாட்டார்கள். சரத்தை இறக்கிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வேலைக்குப் போய் நாள் கூலி வாங்கி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குப் பொருள் வாங்கும் பெண்களால் முந்நூறு ரூபாய் பாட்டிலை ஒரே நேரத்தில் வாங்க முடியுமா என்று அவர் கேட்டார். அரைத்த சீயக்காயைச் சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்றுப் பார்த்தோம். வாரத்துக்கு நான்கைந்து பொட்டலம் போகிறது, வயதானவர்கள் வாங்குகிறார்கள். பெரிய டப்பாவிலிருந்து ஷாம்புவை அளந்து ஊற்றி விற்கலாமா என்று இப்போது யோசித்து வருகிறோம். அப்படி விற்கச் சட்டத்தில் இடமுண்டா, எந்த நிறுவனமாவது அப்படித் தருமா என்று அறிந்த வாசகர்கள் இப்பகுதியில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். அதுவரை சரங்கள் அங்கேயே தொங்கும். அவற்றுக்குப் பக்கத்து ஆணியில் தாம்பூலப் பைகளும் தொங்கும்.

இப்படிக்கு,
வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
சத்துவாச்சாரி, வேலூர்.